செல்சி மலர்க் காட்சி: பாரிஸிலிருந்து ஒரு வார இறுதியில் போய்வருவது சாத்தியமா?

பாரிஸ் புதுவையான்
11 ஜனவரி 2026

அனைவருக்கும் வணக்கம்.

வரும் மே 22ஆம் தேதியுடன் எங்களுக்குத் திருமணமாகிப் பத்தாண்டுகள் நிறைகின்றன. ஊரைக் கூட்டி விருந்து வைக்கும் எண்ணம் இருவருக்குமே இல்லை. அதற்குப் பதிலாக, என் மனைவி பல ஆண்டுகளாக யூடியூபில் மட்டும் பார்த்து ஏங்கிவரும் லண்டன் செல்சி மலர்க் காட்சிக்கு அவரை அழைத்துச் செல்லலாம் என்று நினைத்திருக்கிறேன். அவர் ஓசூருக்கு அருகே ரோஜா பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். இங்கே பாரிஸ் புறநகரில், நான்காம் மாடியில், கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும் பால்கனியில் பதினேழு தொட்டிகள் வைத்திருக்கிறார். அக்டோபர் பிறந்ததும் மல்லிகைத் தொட்டி சமையலறைக்குள் வந்து சலவை இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்; இயந்திரம் வேகமாகச் சுழலும் கடைசி ஐந்து நிமிடம் அதை விழாமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு.

இந்த ஆண்டுக் காட்சி மே 19 செவ்வாய் முதல் 23 சனி வரை நடக்கிறது. வெள்ளி மாலை அலுவலகம் முடிந்ததும் கார் து நோர் நிலையத்தில் லண்டன் செல்லும் யூரோஸ்டார் ரயிலில் ஏறி, சனிக்கிழமை முழுவதையும் காட்சியில் கழித்துவிட்டு, ஞாயிறு மாலை திரும்புவது என் திட்டம். திங்கள் பெந்தெகொஸ்தே விடுமுறை என்பதால் ஓய்வெடுக்க ஒரு நாள் மிஞ்சும்.

என் ஐயங்கள் இவை. சனிக்கிழமை கடைசி நாள் என்பதால் அன்று போனால் வாடிய பூக்களைத்தான் பார்க்க நேரிடுமா? அன்று மாலை காட்சியில் வைத்த செடிகளையே விற்றுவிடுவார்கள் என்று மனைவி சொல்கிறார். அப்படி வாங்கும் செடியைப் பாரிஸுக்குக் கொண்டுவர முடியுமா? புதுவை இந்தியாவுடன் சட்டப்படி இணைந்த 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டவரின் பேரன் என்பதால் என்னிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறது. மனைவியிடம் இந்தியக் கடவுச்சீட்டும் பத்தாண்டு வதிவிட அட்டையும் உள்ளன. அந்த அட்டையைக் காட்டி அவர் பிரித்தானியாவுக்குள் நுழைய முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, டிக்கெட், ரயில், விடுதி என்று செலவு கணிசமாக வருகிறது. அவ்வளவு செலவழித்துப் பார்க்க வேண்டிய காட்சிதானா? நேரில் போய் வந்தவர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.


லாசப்பல்காரன்
11 ஜனவரி 2026

வணக்கம். பூக்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எல்லையைப் பற்றிச் சொல்லலாம், ஏனென்றால் லண்டனில் உள்ள உறவுகளின் கலியாணம், பூப்புனித நீராட்டு, செத்தவீடு என்று வருடத்துக்கு நான்கு தடவையாவது போய்வருகிறேன்.

முதலில் உங்கள் துணைவியாரின் விடயம். பிரெஞ்சு வதிவிட அட்டை பிரித்தானிய எல்லையில் செல்லாது. கணவர் பிரெஞ்சுக் குடிமகன் என்பதும் இப்போது உதவாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் சாதாரண வருகையாளர் விசா எடுத்தே ஆக வேண்டும். பயண நாளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்க முடியும் என்பதால் பெப்ரவரி கடைசியில் ஆரம்பித்துவிடுங்கள். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும், அதுவரை கடவுச்சீட்டு உங்கள் கையில் இல்லாமலும் போகலாம். விசா வரும் வரைக்கும் பணம் திரும்பக் கிடைக்காத விடுதி எதையும் பதிவு செய்ய வேண்டாம்.

உங்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 2 முதல் ஐரோப்பியக் குடிமக்களும் இணையத்தில் பயண அனுமதி எடுக்க வேண்டும். கைப்பேசியிலேயே எடுக்கலாம், இரண்டு வருடம் செல்லும், சிறு கட்டணம் உண்டு. அடையாள அட்டையை மட்டும் கொண்டு போகும் காலம் 2021 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. இதை அறியாமல் என் மைத்துனர் ஒருவர் பட்டுவேட்டியும் சீர்வரிசைப் பையுமாகக் கார் து நோர் வரை வந்து, பிரித்தானியக் கடவுச்சீட்டுச் சோதனை அந்த நிலையத்திலேயே நடப்பதால், தொடருந்தைக் கண்ணால்கூடக் காணாமல் திரும்பிப் போனார். அன்று மத்தியானம் அவருக்கு நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலில்தான் சாப்பாடு.

செடி விடயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து கொண்டுவரும் எந்தத் தாவரத்துக்கும் நோய், பூச்சி இல்லை என்று அந்த நாட்டு அதிகாரிகள் கொடுக்கும் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். பயணியின் கைப்பைக்கும் இது பொருந்தும் என்று 2019 டிசம்பர் 14 முதல் விதி. 2021 ஜனவரியில் பிரித்தானியா ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையிலிருந்தும் விலகியதால் அங்கிருந்து வரும் செடியும் இந்த விதிக்குள் வந்துவிட்டது. கொய்த பூ, விதைப் பொட்டலம், கிழங்கு எல்லாம் சேர்த்திதான். விலக்குப் பெற்றவை ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சம்பழம். வாழைப்பழம் கொண்டு வரலாம், வாழைக்கன்று கொண்டு வர முடியாது. தொட்டிச் செடி ஒன்றுக்காக அந்தச் சான்றிதழுக்கு அலைவது செடியின் விலையைப் போலப் பல மடங்கு செலவும் நேரமும் ஆகும் வேலை.


டூட்டிங் தோட்டக்காரி
12 ஜனவரி 2026

திருமண நாள் வாழ்த்துகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன்; செல்சிக்கு ஒன்பது முறை போயிருக்கிறேன், அவற்றில் இரண்டு முறை சனிக்கிழமையில். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடியும்.

சனிக்கிழமைச் செல்சி என்பது கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்துக்குப் போவதைப் போன்றது. பந்தல் நிற்கும், வாழை மரம் தலை சாய்ந்திருக்கும். பூ வளர்ப்பவர்களின் கணக்கு முழுவதும் திங்கள்கிழமையைக் குறிவைத்தது. அன்றுதான் நடுவர்கள் மதிப்பிடுவார்கள், அரச குடும்பத்தினரும் வந்து பார்ப்பார்கள். செவ்வாய் காலை பதக்கங்கள் தெரிந்துவிடும். செவ்வாயும் புதனும் காட்சியை நடத்தும் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு மட்டும். வியாழனிலிருந்து பொதுமக்கள். சனிக்கிழமைக்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்து போயிருப்பார்கள். வாடிய பூவை நர்சரிக்காரர்கள் இரவோடு இரவாக மாற்றினாலும், ஐந்தாம் நாள் களைப்பு மனிதர்களிடமும் செடிகளிடமும் தெரியத்தான் செய்யும். மேலும் சனிக்கிழமை மற்ற நாள்களைப் போல இரவு 8 வரை நீளாது, மாலை 5.30க்கே மூடிவிடுவார்கள், நான்கு மணியிலிருந்தே செடி விற்பனையின் அமளி தொடங்கிவிடும்.

நாள்காட்டியைப் பார்த்தீர்களா? மே 22 வெள்ளிக்கிழமை. உங்கள் திருமண நாளன்றே காட்சி திறந்திருக்கிறது, அதுவும் காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை. ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்து வியாழன் மாலையே ரயில் ஏறிவிட்டால், வெள்ளிக்கிழமையை முழுதாகக் காட்சிக்கு ஒதுக்கலாம்.

பார்க்க வேண்டிய காட்சிதானா என்று கேட்டிருந்தீர்கள். தொலைக்காட்சியும் யூடியூபும் காட்டுவது பெரும்பாலும் போட்டித் தோட்டங்களை, அதாவது ஒரு வடிவமைப்பாளர் சுமார் மூன்று வாரங்களில் மண்ணும் கல்லும் மரமும் கொண்டுவந்து எழுப்பும் தற்காலிகத் தோட்டங்களை. அவை அழகானவைதாம். ஆனால் உள்ளே கால் வைக்க விடமாட்டார்கள். கயிற்றுக்கு வெளியே நாலைந்து வரிசைத் தலைகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். ஓசூர் ரோஜாத் தோட்டத்தில் வளர்ந்தவர் பொழுதைக் கழிக்க வேண்டிய இடம் நடுவில் இருக்கும் பெருங்கூடாரம். முன்பு அங்கே மூன்றரை ஏக்கர் பரப்பில் கித்தான் கூடாரம் ஒன்று இருந்தது. 1951இல் போட்டது, உலகிலேயே பெரிய கூடாரம் என்று கின்னஸில் பதிவானது. 2000ஆம் ஆண்டில் அதைக் கழற்றிவிட்டுப் புதியது அமைத்தபோது பழைய துணியை வெட்டி ஏழாயிரம் ஏப்ரன், பை, மேலங்கி என்று தைத்துவிட்டார்கள். ஆங்கிலேயர்களின் சிக்கனத்தை எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கூடாரத்தின் வியப்பு என்னவென்றால், வெளியே நான்கு வெவ்வேறு மாதங்களில் பூக்க வேண்டியவை அங்கே ஒரே வாரத்தில் பூத்து நிற்கும். மார்ச், ஏப்ரலில் முடிந்துபோகும் நார்சிசஸையும் டியூலிப்பையும் குளிர் அறையில் அடைத்துத் தூங்கவைத்து, மே மூன்றாம் வாரத்துக்குச் சரியாக எழுப்புவார்கள். ஜூனில் வர வேண்டிய டெல்ஃபினியத்தைக் கண்ணாடிக் கூடத்தில் கதகதப்பாக வைத்து முன்னால் தள்ளுவார்கள். காலை எட்டரை மணிக்கு நான் பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆளுயர டெல்ஃபினியத் தண்டு ஒன்றின் முன்னால் நர்சரிக்காரர் மண்டியிட்டு, கையில் சிறு சாமணத்துடன், கீழ் வரிசையில் சுருங்கத் தொடங்கிய நீலப் பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பூவின் நடுவிலும் கறுப்பிலோ வெள்ளையிலோ சின்னக் குஞ்சம் இருக்கும். அதைத் 'தேனீ' என்று அழைப்பார்கள் என்று அவர்தான் எனக்குக் காட்டினார். அவரோடு பத்து நிமிடம் பேச முடிந்தது. பதினோரு மணிக்கு மேல் போயிருந்தால் அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க முடியாது. ஆகவே, கதவு திறக்கும்போதே உள்ளே போய், எல்லோரும் போட்டித் தோட்டங்களுக்கு ஓடும் நேரத்தில் நீங்கள் கூடாரத்துக்குள் நுழையுங்கள். தோட்டங்களை மாலை ஆறுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், கூட்டமும் குறைந்திருக்கும், வெளிச்சமும் கனிந்திருக்கும்.

உங்கள் மனைவிக்கு இன்னொரு செய்தி. டேவிட் ஆஸ்டின் நர்சரி பதினைந்து ஆண்டுகள் கலப்பினம் செய்து உருவாக்கிய 'ஜூலியட்' என்ற வெளிர் ஆரஞ்சு (ஆப்ரிகாட்) நிற ரோஜா 2006இல் அறிமுகமானது இந்தக் காட்சியில்தான். ஓசூரில் பெட்டியில் அடுக்க வசதியாக நிமிர்ந்த தண்டும் கூரிய மொட்டுமாக வளர்ப்பார்கள் அல்லவா, இது அதற்கு நேர் எதிர். நூறு இதழ் அடுக்கிய கிண்ணம் போல விரியும். அதுவும் கொய்மலருக்காக வளர்த்த ரகம்தான் என்பதால் அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கெல்லாம் புரியாத ரசனையாக இருக்கும்.

டிக்கெட்டைச் சங்கத்தின் இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். வாயிலில் விற்பனை கிடையாது. ஒருமுறை பெயர் சொல்ல விரும்பாத மறுவிற்பனைத் தளம் ஒன்றில் இரட்டை விலை கொடுத்துவிட்டு, கடைசி நாள் வரை மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிக்கெட் வரவே இல்லை.


கடைசி மணி
12 ஜனவரி 2026

டூட்டிங் அம்மையார் சொல்வதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் சனிக்கிழமையை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் கடந்த பத்தாண்டுகளில் போனதெல்லாம் சனிக்கிழமைதான், அதுவும் அந்த நான்கு மணிக்காகவே.

மூன்றரை மணியிலிருந்தே ஒவ்வொரு அரங்கின் முன்னாலும் மக்கள் இடம் பிடித்து நிற்கத் தொடங்குவார்கள். வரிசைக்குப் பெயர் போன இந்த நாட்டில், முத்துமாலை அணிந்த எழுபது வயதுப் பெண்மணி முழங்கையால் என்னை நாசூக்காக இடித்து முன்னேறியதை அங்கேதான் அனுபவித்தேன். மணி அடித்ததும் ஐந்து நாள் தொடாதே என்று காத்துவந்த செடிகளை நர்சரிக்காரர்கள் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுப்பார்கள். சிலர் விலையைக் கத்துவார்கள், சிலர் பேரம் பேசுவார்கள், சிலர் கடைசியில் சும்மாவே தந்துவிடுவார்கள். எல்லா அரங்குகளும் விற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தரைக்கு வெளியே வந்து பார்த்தால் சாலை முழுவதும் பூ நடந்து போகும். டாக்சியின் சன்னல் வழியாக லூப்பின் தலை நீட்டும். பேருந்தின் மேல்தளத்தில் ஃபாக்ஸ்குளோவை மடியில் வைத்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அல்லியம் தண்டுகள் ஆறை ஒருமுறை பாதி விலைக்கு வாங்கி, மறுநாளே ஸ்பெயினுக்குப் பயணம் என்பது நினைவுக்கு வந்து, ஈஸ்ட் ஹாமில் இருக்கும் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "வெங்காயப் பூவுக்கா இவ்வளவு காசு கொடுத்தாய்?" என்று கேட்டார். தாவரவியல்படி பெரியம்மா சொன்னது சரி, அல்லியம் வெங்காயக் குடும்பம்தான்.


மண்வெட்டி
13 ஜனவரி 2026

மாறுபட்ட கருத்து ஒன்றைப் பதிவு செய்ய அனுமதியுங்கள். விசா, பயண அனுமதி, யூரோஸ்டார், விடுமுறை வார இறுதியில் லண்டன் விடுதி என்று இவ்வளவையும் கடந்து போய், கயிற்றுக்கு வெளியே நின்று, ஒரு செடியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர முடியாத காட்சியைத் தோட்டம் வளர்ப்பவர் ஏன் பார்க்க வேண்டும்?

நீங்கள் ஏறவிருக்கும் அதே கார் து நோர் நிலையத்திலிருந்து ஷான்தியிக்கு ரயிலில் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம். அங்கே அரண்மனைப் பூங்காவில் வழக்கமாக மே நடுவில் மூன்று நாள் செடித் திருவிழா நடக்கும். முன்பு கூர்சோனில் நடந்துவந்ததை 2015 முதல் அங்கே நடத்துகிறார்கள். பல நாட்டு நர்சரிகள் வரும், முதல் நாள் முதல் மணியிலிருந்தே செடி வாங்கலாம், வாங்கியதை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பலாம். தோட்ட வடிவமைப்புதான் விருப்பம் என்றால் லுவார் நதிக்கரையில் ஷோமோன் இருக்கிறது. 1992 முதல் ஆண்டுதோறும் ஒரு கருப்பொருளைக் கொடுத்துத் தோட்டங்கள் அமைக்கச் செய்து, ஏப்ரலிலிருந்து இலையுதிர்காலம் வரை திறந்து வைக்கிறார்கள். தோட்டத்துக்குள்ளேயே நடக்கலாம், உட்காரலாம். மூன்று வாரம் கட்டி, ஐந்து நாள் காட்டி, இடித்துவிடும் தோட்டத்தை என் மனம் தோட்டமாகவே ஏற்க மறுக்கிறது. அது நாடக மேடை.


டூட்டிங் தோட்டக்காரி
13 ஜனவரி 2026

மண்வெட்டி ஐயா, ஷோமோன் எனக்கும் பிடித்த இடம்தான். ஆனால் செல்சித் தோட்டங்களை இடித்துக் குப்பையில் போடுகிறார்கள் என்பது பழைய கதை. 2022 முதல் 'ப்ராஜெக்ட் கிவிங் பேக்' என்ற அறக்கொடை அமைப்பு பணம் கொடுத்து எழுப்பச் செய்யும் தோட்டங்கள் எல்லாம், காட்சி முடிந்ததும் பெயர்த்து எடுக்கப்பட்டு, மருத்துவமனை, பள்ளி, காப்பகம் என்று நிரந்தர இடத்துக்குப் போகின்றன. அதனால்தான் சனிக்கிழமை மாலை அவற்றின் செடிகள் பெரும்பாலும் விற்பனைக்கு வருவதும் இல்லை.

நாடக மேடை என்றீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக மன்னர் இரண்டாம் சார்லஸ் 1682இல் தொடங்கி, கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கட்டிய இல்லத்தின் மைதானத்தில்தான் காட்சி நடக்கிறது. 1913 முதல், 1917, 1918 ஆண்டுகளையும் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளையும் கோவிட் காலத்தையும் தவிர, ஒவ்வொரு மே மாதமும் அந்தப் புல்வெளியைத் தோண்டி மேடை கட்டி, பிறகு பழையபடி புல்லை மூடிவிடுகிறார்கள். சிவப்புக் கோட்டு அணிந்த அந்த முதியவர்கள் காட்சிக்குள் உலவிக்கொண்டிருப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள். 2021இல் மட்டும் கோவிட் காரணமாகக் காட்சியைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். டேலியாவும் செவ்வந்தி இனங்களும் நிறைந்த செல்சியை அந்த ஒரு முறைதான் பார்த்தேன்.

பதக்க விஷயத்தில் பலருக்கும் குழப்பம் உண்டு என்பதால் சொல்கிறேன். அது ஓட்டப் பந்தயம் அல்ல. வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த குறிப்பை வைத்துக்கொண்டு, சொன்னதைச் செய்திருக்கிறாரா என்றுதான் நடுவர்கள் பார்க்கிறார்கள். தகுதி இருந்தால் பத்துத் தோட்டத்துக்கும் தங்கம் கிடைக்கும், ஒன்றுக்கும் கிடைக்காமலும் போகும். ஒவ்வொரு தோட்டத்தின் முன்னாலும் பதக்க அட்டை இருக்கும். அதை முதலில் பார்க்காமல், தோட்டத்தைப் பார்த்துத் தாமே ஒரு மதிப்பெண் போட்டுவிட்டுப் பிறகு அட்டையைப் பார்க்கும்படி மனைவியிடம் சொல்லுங்கள். நானும் என் கணவரும் அப்படித்தான் ஆடுவோம். தோற்றவர் தேநீர் வாங்க வேண்டும். அங்கே தேநீர் விலைக்கு அது சாதாரணத் தண்டனை அல்ல.


பாரிஸ் புதுவையான்
14 ஜனவரி 2026

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாள் இந்த இழையை நானும் மனைவியும் சேர்ந்தே படித்தோம். 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தும், வார இறுதி என்றால் சனி ஞாயிறு என்றே மூளை கணக்குப் போட்டிருக்கிறது. தோட்டக்காரி அம்மா சொன்ன பிறகுதான் உறைத்தது. விடுப்பு கேட்டேன், கிடைத்துவிட்டது. வியாழன் மாலை ரயில், வெள்ளிக்கிழமை காட்சி என்று முடிவு செய்திருக்கிறோம். விசா விவரங்களுக்கு லாசப்பல்காரன் அவர்களுக்குத் தனி நன்றி; வதிவிட அட்டையே போதும் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மண்வெட்டி அவர்கள் சொன்ன ஷான்தியிக்கும் போகப்போகிறோம், செடி வாங்கும் ஆசையை அங்கே தீர்த்துக்கொள்வதாக மனைவி சொல்லிவிட்டார்.

ஒன்றே ஒன்று மிச்சம். 'கடைசி மணி' அவர்களின் பதிவை மனைவி இரண்டு முறை படித்தார். "சின்ன வயதில் விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் தோட்டத்துப் பூ பெட்டியில் ஏறிப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன், வாங்கியவர்கள் கையில் பார்த்ததே இல்லை" என்றார். அதனால் சனிக்கிழமை மாலை, டிக்கெட் இல்லாமல் வெளியே நின்று, பூ நடந்து போவதை மட்டும் பார்க்க விரும்புகிறார். அதற்கு எங்கே நிற்க வேண்டும்? அதுவரை சனிக்கிழமையையும், பிறகு ஞாயிறையும் எப்படிக் கழிக்கலாம்?


டூட்டிங் தோட்டக்காரி
14 ஜனவரி 2026

இந்த யோசனை எனக்கு இத்தனை ஆண்டுகளில் தோன்றவே இல்லை. உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.

சனிக்கிழமை காலை கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போங்கள், சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் நேராகப் போகலாம். நேரம் குறைவு என்பதால் பனைக் கூடத்தை மட்டும் பாருங்கள். 1840களில் இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டியது. அதற்குள் 1775இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சைக்காட் வகைச் செடி (பார்க்கப் பனை போல இருக்கும்) இன்றும் தொட்டியில் இருக்கிறது. பதினேழு தொட்டி வைத்திருப்பவர் அதைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டரை மணிக்கு அங்கிருந்து கிளம்பி, அதே தடத்தில் ஸ்லோன் ஸ்கொயரில் இறங்குங்கள். இறங்கியதும் நடைமேடைக்கு மேலே குறுக்கே போகும் பெரிய இரும்புக் குழாயைப் பாருங்கள், அதற்குள் வெஸ்ட்போர்ன் என்ற ஆறு ஓடுகிறது. அந்த வாரம் அங்குள்ள கடைகள் எல்லாம் முகப்பைப் பூவால் அலங்கரித்திருக்கும். அதற்குக் கட்டணம் இல்லை.

ஞாயிறு காலை கொலம்பியா சாலைப் பூச் சந்தை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடும். எட்டு மணிக்கே போய்விடுங்கள். வாங்க முடியாது என்றாலும் வியாபாரிகள் ராகம் போட்டு விலை கூவுவதைக் கேட்கலாம், கோயம்பேடு நினைவு வரும்.


கடைசி மணி
14 ஜனவரி 2026

நிற்க வேண்டிய இடம் நான் சொல்கிறேன். ராயல் ஹாஸ்பிட்டல் சாலையில் உள்ள லண்டன் வாயிலுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நாலரை மணிக்கு இடம் பிடியுங்கள். முதலில் வருபவர்கள் சிறு தொட்டிக்காரர்கள். ஐந்து மணிக்கு மேல்தான் ஆளுயரச் செடிகள் வரும். அவர்கள் பெரும்பாலும் லோயர் ஸ்லோன் தெரு வழியாக நிலையத்துக்குப் போவார்கள், நீங்களும் மெதுவாகக் கூடவே நடந்து வரலாம். வெள்ளை நிறத் தொப்பியும், கையில் தன்னைவிட உயரமான நீல டெல்ஃபினியமும், அதற்குப் பின்னால் முகமே தெரியாமலும் ஒருவர் வந்தால் அது நான்தான். கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரு பூவைக் கிள்ளித் தருகிறேன். சகோதரி தலையில் வைத்துக்கொண்டு நடக்கட்டும், ஞாயிறு மாலை ரயில் ஏறுவதற்கு முன் எடுத்துவிட்டால் போதும்.


லாசப்பல்காரன்
15 ஜனவரி 2026

ஓம், அதையும் எடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கொய்த பூவும் விதிக்குள்தான் வரும்.